பகுதி அனுப்புவதற்கு, குறிச்சொல் தேடுவதற்கு

மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. டெல்டாவில் குறுவைக்கு நாற்றங்கால் விடுகிற நேரம். விவசாயத்தைப் பற்றி வாரம் ஒரு செய்திமடல் வருகிறது, அது மூன்று ஆண்டுகளாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். போன ஆண்டு இதே நேரத்தில் விதை நேர்த்தி பற்றி வந்த மடல் ஒரு வாசகருக்கு இப்போது வேண்டும். தலைப்பு ஞாபகமில்லை. மடலின் இணையப் பக்கத்துக்குப் போகிறார். நூற்றைம்பது மடல்கள், புதியது மேலே பழையது கீழே என்று தேதி வரிசையில் கிடக்கின்றன. நாலு தடவை உருட்டிப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதிய விஷயம், அது தேவைப்படுகிற நாளில் தேவைப்படுகிறவர் கைக்குப் போய்ச் சேரவில்லை.

அதே மடலுக்கு இன்னொரு வாசகர். கோயம்புத்தூரில் மொட்டை மாடியில் தக்காளி வளர்ப்பவர். வார மடலை விரும்பிப் படிக்கிறார். ஆனால் செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் நெல் விலை நிலவரம் வந்து மின்னஞ்சல் பெட்டியில் விழுகிறது. பத்து வாரம் பொறுத்துப் பார்த்து, ஒருநாள் மொத்தமாகச் சந்தாவை நிறுத்திவிடுகிறார்.

முதல் வாசகரின் சிக்கலைத் தீர்ப்பது குறிச்சொல், அதாவது ஒவ்வொரு மடலின் மேலும் ஒட்டும் தேடுசொல். இரண்டாமவரின் சிக்கலைத் தீர்ப்பது பகுதி, அதாவது ஒரே செய்திமடலுக்குள் தனியாகச் சேரவும் விலகவும் முடிகிற பிரிவு. இந்த இரண்டும் ஒரே வேலையின் பெரிய வடிவம், சின்ன வடிவம் என்று எண்ணுவதில்தான் பெரும்பாலான மடல்கள் குழம்பிப்போகின்றன. பெரிய தலைப்புக்கெல்லாம் பகுதி, சின்னத் தலைப்புக்கெல்லாம் குறிச்சொல் என்று பிரித்துக்கொண்டே போகிறார்கள். தலைப்பு பெரியதா சிறியதா என்பது இங்கே கணக்கே இல்லை. இந்த மடல் யாருடைய பெட்டிக்குப் போக வேண்டும் என்று கேட்டால் அது பகுதி. நாளைக்கு இதை யார், எந்தச் சொல்லைக் கொண்டு தேடி வருவார் என்று கேட்டால் அது குறிச்சொல்.

செய்திமடல் எழுதி அனுப்பும் தளமான சப்ஸ்டாக் இந்த வேறுபாட்டைத் தன் அமைப்பிலேயே வைத்திருக்கிறது. அங்கே ‘செக்‌ஷன்’ என்பது ஒரே செய்திமடலின் குடைக்கீழ் இயங்கும் தனிப் பட்டியல். வாசகர் தன் கணக்குப் பக்கத்தில் ஒவ்வொரு பகுதியின் மின்னஞ்சலையும் தனித்தனியே நிறுத்தலாம், தொடரலாம். ஒரு மடல் ஒரே ஒரு பகுதியில்தான் இருக்க முடியும். ‘டேக்’ அப்படியில்லை. ஒரு மடலுக்கு எத்தனையோ போடலாம், ஆனால் எந்தக் குறிச்சொல்லுக்கும் யாரும் சந்தா கட்ட முடியாது. அதுபோன்ற இன்னொரு தளமான கோஸ்ட்டில் பகுதியின் வேலையைச் செய்வது ‘நியூஸ்லெட்டர்’. 2022இல் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்து ஒரே தளத்தில் பல நியூஸ்லெட்டர் வைத்துக்கொள்ளலாம். வலைத்தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸில் கேட்டகரியும் டேகும் இரண்டுமே முதலில் இணையப் பக்கத்தை அடுக்கத்தான் வந்தன. அதனோடு சேர்த்துக்கொள்ளும் செருகியான ஜெட்பேக்கின் செய்திமடல் வசதியில் வாசகர் தமக்கு வேண்டிய கேட்டகரியை மட்டும் தேர்ந்துகொள்ள வழி உண்டு. மொத்தமாக மின்னஞ்சல் அனுப்பும் சேவையான மெயில்சிம்ப்பில் ‘டேக்’ என்ற சொல்லைப் பார்த்து ஏமாறக்கூடாது. அது சந்தாதாரரின் மேல் நாம் ஒட்டும் சீட்டு, மடலின் மேல் ஒட்டுவதல்ல. வாசகர் தானே தேர்வு செய்கிற பிரிவுக்கு அங்கே ‘குரூப்’ என்று பெயர்.

அலமாரியில் ஒரு புத்தகத்துக்கு ஓர் இடம்தான், ஆனால் அதைத் தேடி வருகிறவர்கள் பல வழியில் வருவார்கள் என்ற சிக்கல் இணையத்துக்கு வெகு முன்னரே இருந்தது. அதை ஆழமாக யோசித்தவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார், அதே ஆண்டு பயிற்சிக்கு லண்டன் போனார். அங்கே ஒரு கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். அதே துண்டுகளைப் பூட்டினால் ஒருமுறை பாலம், இன்னொருமுறை வண்டி. புத்தகத்தின் பொருளையும் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்துப் பூட்டலாமே என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் 1933இல் வெளியான கோலன் பகுப்புமுறை. எது, எதனால் ஆனது, என்ன செயல், எங்கே, எப்போது என்று ஐந்து முகங்களாகப் பொருளை அவர் பிரித்தார். குறிச்சொல் போட உட்காரும்போது இந்த ஐந்து கேள்விகளைவிட நல்ல கருவி இன்றைக்கும் கிடையாது. கீழே அதற்கு வருகிறேன்.

முதலில் பகுதி.

ஒருவர் தனியாக நடத்தும் மடலுக்கு, முதன்மை மடலைத் தவிர இரண்டு பகுதிகள் போதும். மூன்று என்றால் யோசிக்க வேண்டும். புதிய பகுதி தொடங்க எனக்குத் தெரிந்து மூன்று காரணங்கள்தான் செல்லும். வரும் வேகம் வேறு, வடிவம் வேறு, அல்லது இதை வேண்டுகிறவர் மற்றதை வேண்டாமல் இருக்க நியாயம் உண்டு. நம் விவசாய மடலில் விலை நிலவரம் வாரம் இருமுறை வருகிறது, இரண்டு நாளில் பழசாகிவிடுகிறது. அது தனிப் பகுதி. மாதம் ஒருமுறை ஒலி வடிவில் நேர்காணல் என்றால் அதுவும் தனிப் பகுதி. மாடித்தோட்டம்? ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஆண்டுக்கு நாலு மடல்தான் அதில் தேறும் என்றால் அது குறிச்சொல்லாகவே இருக்கட்டும். மாதம் ஒன்றாவது எழுத முடியும் என்ற நிலை வரும்போது பகுதியாக உயர்த்தலாம். தொடங்கிவிட்டு மூன்று மாதம் ஒன்றும் வராத பகுதி, பூட்டிய கடையின் பெயர்ப்பலகை போல மேலே தொங்கிக்கொண்டிருக்கும்.

சப்ஸ்டாக்கில் செட்டிங்ஸுக்குள் செக்‌ஷன் என்ற தலைப்பின் கீழ் புதிய பகுதியைத் திறக்கலாம். பெயர், ஒருவரி விளக்கம், ஸ்லக் (இணைய முகவரியின் கடைசித் துண்டு), படம் ஆகியவை கேட்கப்படும். இவற்றில் அவசரப்படக் கூடாதது ஒன்று உண்டு: ஏற்கெனவே இருக்கும் சந்தாதாரர்களை இந்தப் பகுதியில் தானாகச் சேர்ப்பதா வேண்டாமா என்பது. சேர்த்தால் முதல் நாளே எல்லாருக்கும் போகும், எண்ணிக்கை பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் வாரம் ஒரு மடலுக்குச் சம்மதித்தவர் வாரம் மூன்று மடலுக்குச் சம்மதித்தவர் ஆகமாட்டார். அவருக்குப் பகுதியை மட்டும் நிறுத்தும் வழி தெரியாவிட்டால் மொத்தச் சந்தாவையும் நிறுத்துவார், அல்லது எரிச்சலில் ஸ்பாம் பொத்தானை அழுத்துவார். இரண்டாவது மோசமானது. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மின்னஞ்சலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு 2024 பிப்ரவரியிலிருந்து கூகுள் விதித்திருக்கும் நிபந்தனைகளில், ஒரே சொடுக்கில் சந்தாவை நிறுத்தும் வசதியும், ஸ்பாம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடாமல் இருப்பதும் அடக்கம். ஆயிரத்துக்கு மூன்று பேர். பகுதிகள் எல்லாம் ஒரே மடலின் பெயரில்தான் போகின்றன, ஆகவே விலை நிலவரத்தின் மேல் வந்த கோபம் வார மடலின் தலையிலும் விடியும்.

வேகம் மாறுகிற பகுதிக்கு யாரையும் தானாகச் சேர்க்காதீர்கள் என்பதே என் முடிவு. முதன்மை மடலில் மூன்று வாரம் தொடர்ந்து, இப்படி ஒரு பகுதி தொடங்குகிறது, வேண்டுபவர் இங்கே சேரலாம் என்று இணைப்போடு சொல்லுங்கள். முதன்மை மடலுக்கு நெருக்கமான, மாதம் ஒருமுறை மட்டும் வருகிற பகுதி என்றால் சேர்க்கலாம். அப்போது முதல் மடலின் முதல் பத்தியிலேயே இது ஏன் வந்திருக்கிறது, இதை மட்டும் நிறுத்துவது எப்படி என்ற இரண்டையும் எழுதிவிட வேண்டும். அடிக்குறிப்பில் போட்டால் போதாது. ஜிமெயில் சுமார் 102 கிலோபைட்டைத் தாண்டும் மின்னஞ்சலின் வாலை வெட்டி, முழுதும் பார்க்க ஓர் இணைப்பை மட்டும் வைக்கும். தமிழ் எழுத்தின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் எடுக்கும், ஆகையால் நீண்ட தமிழ் மடல் ஆங்கில மடலைவிடச் சீக்கிரம் அந்த எல்லையைத் தொடும். வெட்டுப்படுவது எப்போதும் அடிப்பகுதிதான். சந்தா இணைப்புகள் இருப்பதும் அங்கேதான்.

பகுதிகளோடு வரும் பெரிய விபத்து, தவறான பகுதியிலிருந்து அனுப்புவது. புதிய மடல் எழுதத் தொடங்கினால் அது முதன்மை மடலின் கீழ்தான் நிற்கும். பகுதியை நாமாக மாற்ற வேண்டும். மறந்து அனுப்பினால் விலை நிலவரம் எல்லாருக்கும் போய்விடும். பிறகு பகுதியை மாற்றினால் இணையப் பக்கம் இடம் மாறுமே தவிர, போன மின்னஞ்சல் போனதுதான். எனவே தலைப்பு எழுதும் முன்பே பகுதியைத் தேர்வு செய்யும் பழக்கம் வேண்டும். அனுப்பும் பொத்தானுக்கு முன்னால் வருகிற திரையில் எத்தனை பேருக்குப் போகிறது என்ற எண்ணைப் படியுங்கள். 300 பேர் இருக்கும் பகுதிக்கு 2,000 என்று காட்டினால் கையை எடுத்துவிடலாம்.

கட்டணச் சந்தா வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: சப்ஸ்டாக்கில் பகுதிக்குத் தனி விலை வைக்க முடியாது. ஒரே கட்டணத்துக்குள் எல்லாப் பகுதியும் அடங்கும். தனி விலை வேண்டுமென்றால் தனிச் செய்திமடலாகத்தான் தொடங்க வேண்டும்.

இனி குறிச்சொல். விஷயம் இருப்பது இங்கேதான்.

ஒரு மடலை எடுத்துக்கொள்வோம். தஞ்சாவூர்ப் பக்கம் குறுவைக்கு ஆடுதுறை 43 ரக விதையை நேர்த்தி செய்வது எப்படி என்று ஒரு விவசாயியிடம் பேசி எழுதியது. பெரும்பாலானவர்கள் போடுவது: விவசாயம், நெல், விதை, தமிழ்நாடு, டெல்டா, நேர்காணல், குறுவை, ஆடுதுறை 43, விதை நேர்த்தி, காவிரி. பத்துச் சொல். இதில் ‘விவசாயம்’ பயனற்றது, மடல் முழுக்கவே விவசாயம்தான். எல்லா மடலுக்கும் பொருந்தும் குறிச்சொல் எதையும் பிரிக்காது. ‘தமிழ்நாடு’ம் அப்படியே. ‘ஆடுதுறை 43’ பற்றி இன்னும் இரண்டு மடலாவது வரும்வரை அதற்குத் தனிச் சொல் வேண்டாம், ஒரே மடல் இருக்கும் குறிச்சொல்லைச் சொடுக்குகிறவருக்குத் தான் நிற்கிற இடமே திரும்பக் கிடைக்கும். இப்போது ரங்கநாதனின் கேள்விகளைக் கேளுங்கள். எது? நெல். என்ன செயல்? விதை நேர்த்தி. எங்கே? தஞ்சாவூர். எப்போது? குறுவை. நாலு சொல், நாலும் வேறு வேறு திசையிலிருந்து வரும் நாலு வாசகருக்கு வழி. எதனால் ஆனது என்ற ஐந்தாம் கேள்வி இந்த மடலில் எழவில்லை, விட்டுவிடலாம். ஒரு மடலுக்கு இரண்டு முதல் நாலு, இருநூறு மடலுக்கு மொத்தம் முப்பது நாற்பது சொல், ஒவ்வொன்றிலும் குறைந்தது மூன்று மடல் என்பது நிர்வகிக்கக்கூடிய அளவு.

சொல்லை வாசகர் வாயிலிருந்து எடுக்க வேண்டும். ‘பூச்சி மேலாண்மை’ என்று தேடுகிறவர் அதிகாரி. வயலில் நிற்கிறவர் ‘ஆனைக்கொம்பன்’ என்றும் ‘இலைச்சுருட்டுப்புழு’ என்றும்தான் தேடுவார்.

தமிழில் குறிச்சொல் போடுவதற்கென்றே சில தொல்லைகள் உண்டு. முதலாவது எழுத்து வேறுபாடு. கருப்பு கவுனி, கருப்புக் கவுனி, கறுப்புக் கவுனி, கருப்புக்கவுனி. படிப்பவருக்கு ஒரே அரிசி, கணினிக்கு நாலு தனித்தனிச் சொற்கள். அவசரத்தில் ஒவ்வொரு முறை ஒவ்வொன்றாக அடித்தால் பன்னிரண்டு மடல்கள் நாலு பக்கங்களில் மும்மூன்றாகச் சிதறும், எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் இவ்வளவுதான் எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றும். ஒருமை பன்மையும் இதேபோல: ரகம், ரகங்கள். ஒற்று மிகுமா மிகாதா என்று ஒவ்வொரு தடவையும் யோசிக்காமல், முதல் தடவையே ஒரு வடிவத்தை முடிவு செய்து எழுதி வைத்துவிட வேண்டும்.

இரண்டாவது தொல்லை கண்ணுக்கே தெரியாது. ‘கொள்முதல்’ என்ற சொல்லை எடுங்கள். அதிலுள்ள ஒகர உயிர்மெய்க்குறியை, எழுத்துகளுக்குக் கணினி எண் கொடுக்கும் முறையான யூனிகோடில், ஒரே குறியீடாகவும் எழுதலாம், முன்னால் வரும் ஒற்றைக்கொம்பும் பின்னால் வரும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். விசைப்பலகையில் நேராக அடித்தால் பொதுவாக முதல் வகை வரும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய உரையிலும், பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்த உரையிலும் இரண்டாம் வகை ஒளிந்திருக்கும். இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்கும் ஏற்பாடு இல்லாத மென்பொருளில் ‘கொள்முதல்’ பட்டியலில் இரண்டு முறை தெரியும், ஏன் என்று புரியாது. கண்டுபிடிக்க எளிய வழி: ‘கொ’ என்ற எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து ஒருமுறை பின்னழிப்பு விசையை அழுத்துங்கள். பெரும்பாலான செயலிகளில், முதல் வகையாக இருந்தால் ‘க’ மிஞ்சும், இரண்டாம் வகையாக இருந்தால் ‘கெ’ மிஞ்சும். மருந்தும் எளிது. அந்தச் சொல்லை நகலெடுக்காமல் புதிதாக அடித்தால் போதும். ‘ஸ்ரீ’யிலும் இதே கதைதான், ஸகரத்தில் தொடங்கியும் ஶகரத்தில் தொடங்கியும் ஒரே உருவம் வரும்.

மூன்றாவது முகவரி. தமிழ்ச் சொல்லை அப்படியே ஸ்லக்காக விட்டால் ஒவ்வொரு குறியீடும் சதவீதக் குறிகளோடு ஒன்பது எழுத்தாக விரியும். ‘குறுவை’ என்பதில் மூன்று மெய்யெழுத்து வடிவமும் மூன்று உயிர்க்குறியுமாக ஆறு குறியீடுகள், ஆக 54 எழுத்து. வாட்ஸ்ஆப்பில் பகிர்ந்தால் நீளமான புதிராகத் தெரியும், சில இடங்களில் நடுவில் முறிந்துபோகும். வேர்ட்பிரஸ் ஸ்லக்கை 200 எழுத்தோடு வெட்டிவிடும், அதாவது தமிழில் 22 குறியீடுகள். ‘பாரம்பரிய நெல் ரகங்கள் சாகுபடி’ என்று குறிச்சொல் வைத்தால் முகவரி ‘சாகுபடி’யின் முதல் சகரத்தோடு நின்றுபோகும். பெயர் தமிழில் இருக்கட்டும். ஸ்லக்கைத் தனியே திருத்த வழியுள்ள இடங்களில் அதைச் சுருக்கமாக ரோமன் எழுத்தில் நீங்களே கொடுங்கள், குறிச்சொல்லை உருவாக்கும் அன்றைக்கே.

அன்றைக்கே என்பதற்குக் காரணம் உண்டு. இணையப் பக்கத்தை எப்போதும் திருத்தலாம், அனுப்பிய மின்னஞ்சலைத் திருத்த முடியாது. அதில் இருக்கும் இணைப்புகள் இரண்டாயிரம் பெட்டிகளில் அப்படியே உறைந்திருக்கும். வேர்ட்பிரஸ் பதிவின் ஸ்லக்கை மாற்றினால் பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் தானாகத் திருப்பிவிடும், கேட்டகரிக்கும் டேகுக்கும் அப்படிச் செய்யாது. கோஸ்ட்டில் இன்னொரு கண்ணி. அங்கே பட்டியலில் முதலாவதாக நிற்கும் டேக்தான் முதன்மைக் குறிச்சொல். முகவரி அமைப்பில் அதைச் சேர்த்திருந்தால், வரிசையை மாற்றி ‘நெல்’லுக்கு முன் ‘குறுவை’யை இழுத்துவிட்ட மாத்திரத்தில் அந்த மடலின் முகவரியே மாறி, பழைய இணைப்பு செத்துவிடும். அதைச் சரிசெய்ய, திருப்புதல் கோப்பு ஒன்றில் பழைய முகவரியையும் புதியதையும் எழுதி ஏற்ற வேண்டியிருக்கும். முதன்மைக் குறிச்சொல்லை முகவரியில் சேர்க்காமல் இருப்பது இதைவிட நல்லது. கோஸ்ட்டில் # குறியில் தொடங்கும் டேகுகள் வாசகருக்குத் தெரியாது. ‘#படம் மாற்ற வேண்டும்’ போன்ற உள்வேலைக் குறிப்புகளை அவற்றில் வைத்துக்கொள்ளலாம், மிக உதவியான வசதி.

பழைய மடல்களுக்கு உட்கார்ந்து குறிச்சொல் போடுவது மலைப்பாக இருக்கும். கணக்குப் போட்டால் மலைப்பு குறையும். ஒரு மடலுக்கு மூன்று நிமிடம், நூற்றைம்பது மடலுக்கு ஏழரை மணி நேரம், நாளொன்றுக்குப் பதினைந்து என்றால் பத்து நாள். நேராகத் தளத்தில் இறங்க வேண்டாம். முதலில் ஒரு விரிதாளில் தேதி, தலைப்பு, எது, செயல், இடம், காலம் என்று பத்திகள் போட்டு நிரப்புங்கள். நிரப்பிய பின் ஒவ்வொரு பத்தியையும் அகர வரிசையில் அடுக்கினால் கருப்பும் கறுப்பும் அடுத்தடுத்து வந்து நிற்கும், ஒருமையும் பன்மையும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். அதையெல்லாம் சரிசெய்து இறுதிப் பட்டியலை வைத்துக்கொண்டு தளத்தில் ஏற்றலாம். பட்டியலில் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் எது சேரும், எது சேராது என்று ஒரு வரி வேண்டும். ‘சம்பா’வில் தாளடி சேராது, தாளடிக்குத் தனிச் சொல் என்பது போல. இது இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து நமக்கே நம் முடிவு மறந்திருக்கும். பழைய மடலில் குறிச்சொல் சேர்த்துச் சேமித்தால் எல்லாருக்கும் மறுபடி மின்னஞ்சல் போய்விடுமோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. போகாது. வெளியான மடலைத் திருத்துவதும் அனுப்புவதும் வேறு வேறு செயல்கள்.

வேர்ட்பிரஸில் சிதறிய சொற்களை ஒன்றாக்க, தவறான டேகின் எண்ணிக்கையைச் சொடுக்கினால் அதிலுள்ள பதிவுகள் மட்டும் வரும். எல்லாவற்றையும் தேர்ந்து, மொத்தத் திருத்தத்தில் சரியான டேகைச் சேர்த்து, அதன்பின் தவறானதை நீக்கலாம். வரிசையை மாற்றி, முதலில் நீக்கிவிட்டால் எந்தப் பதிவுகள் என்ற தடமே போய்விடும்.

போட்ட குறிச்சொல் வாசகர் கண்ணில் படாவிட்டால் போட்டதும் வீண். மேல்பட்டையில் நாலு இடத்துக்கு மேல் வைக்காதீர்கள், கைபேசியில் மீதி மறைந்துவிடும். அந்த நாலும் நிரந்தரமாக இருக்க வேண்டியதில்லை. மே கடைசியில் ‘குறுவை’யை மேலே ஏற்றி, ஆகஸ்டில் அதை இறக்கி ‘சம்பா’வை ஏற்றலாம். ஒவ்வொரு மடலின் முடிவிலும், வெட்டுப்படாத உயரத்தில், ‘குறுவை பற்றி இதுவரை எழுதியவை’ என்று குறிச்சொல் பக்கத்துக்கு ஓர் இணைப்பு கொடுங்கள். தனி மடலுக்குக் கொடுக்கும் இணைப்பைவிட இதற்கு ஆயுள் அதிகம். இந்த ஜூனில் அனுப்பிய மடலை ஒருவர் இரண்டு ஆண்டு கழித்துத் தன் பெட்டியில் தோண்டியெடுத்து அதைச் சொடுக்கினாலும், இடையில் எழுதிய எல்லாமும் சேர்ந்து அங்கே இருக்கும்.

ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மாலை ஒதுக்கினால் பராமரிப்பு முடிந்துவிடும், மே மாதம் அதற்குத் தோதானது. ஒரே மடல் இருக்கும் சொற்களை நீக்குங்கள், அல்லது வேறொன்றில் சேருங்கள். ஒரு சொல்லில் நாற்பதுக்கு மேல் குவிந்திருந்தால் அதைப் பிரிக்க முடியுமா பாருங்கள். பிறகு உங்கள் கணக்கிலிருந்து வெளியேறி, கைபேசியில், முகப்பிலிருந்து தொடங்கி போன ஆண்டின் விதை நேர்த்தி மடலைத் தேடிப் பாருங்கள். மூன்று தொடுதலுக்குள் கிடைக்கவில்லை என்றால், எந்த இடத்தில் விரல் தயங்கியதோ அங்கே ஒரு குறிச்சொல் குறைகிறது.